புங்க எண்ணெய் குடித்த மோட்டார்

நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிந்தவனிடம் ஊர் எதை வேண்டுமானாலும் கேட்கும். காய்ச்சலுக்கு மருந்து, கோர்ட்டு வழக்கு, மாட்டுக்கு வயிற்றுப்போக்கு, எதுவானாலும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. "தெரியாதுங்க" என்று சொல்ல வாய் வராத அந்த நாலு எழுத்துக்காரன்தான் ஆபத்தான ஆசாமி. கல்யாணத்துக்கு முன்னால் ஆம்பூரில் அந்த ஆசாமி நான்தான்.

தோல் பதனிடுகிற ஷாப்பு ஒன்றில் எனக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. முதலாளி சாயபு தங்கமான மனுஷர். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் மோட்டார் கார் வாங்கியிருந்தார். அதை ஓட்ட, ஜட்கா குதிரை வண்டிக்கார முனுசாமியை அமர்த்தினார். (மேடு வந்தால் முனுசாமி நாக்கைச் சொடுக்கி வண்டியை உற்சாகப்படுத்துவான். கார் ஏறிவிடும். அதனால் யாரும் அவனைத் திருத்தவில்லை.)

அப்போது எனக்குக் குடியாத்தத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் எஸ்தர், அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குத் தேவசகாயம் என்று ஒரு அத்தை மகன் இருந்தான். சிவப்பு, உயரம், ரயில்வே உத்தியோகம். அவனைவிட ஒரு பிடி மேலே நிற்க வேண்டுமென்று, "மாப்பிள்ளை மோட்டாரில் வருவார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாயபுவும் காரைத் தருவதாகச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். வாத்தியார் தெருவெல்லாம் தண்டோரா போடாத குறை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கார் இஞ்சினுக்கு ஊற்றுகிற மசகு எண்ணெய் தீர்ந்துபோயிற்று. எண்ணெய்தானே என்றார் சாயபு. ஷாப்பில் தோலுக்குத் தடவும் புங்க எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக இருந்தது. முரட்டு எருமைத் தோலையே பட்டாக்குகிற எண்ணெய், இரும்புக்கு என்ன கெடுதல் செய்துவிடும்? ஊற்றினார்கள். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன். கார் வாணியம்பாடி ரோட்டில் கொஞ்ச தூரம் போய், கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

வேலூரிலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். அவர் விஷயத்தை எளிதாகத்தான் சொன்னார். இஞ்சினுக்குள் சுழலுகிற தண்டுக்கு மெத்தை மாதிரி ஒரு மெல்லிய உலோகப் பட்டை இருக்கும். அது உருகி ஓடிவிட்டது, தண்டும் கீறிவிட்டது, புது இஞ்சின் போடுவதே நல்லது, மதராஸிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயபுவுக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் தொழிலில் எந்தச் சரக்கையும் தரம் பார்க்காமல் தள்ளுகிற வழக்கமில்லை. இஞ்சினைப் பிரித்து, தோல் உலர்த்துகிற மைதானத்தில் பரப்பினார்கள். தரம் பிரிக்கிற மஸ்தான் பாய் வந்தார். ஒவ்வொரு உருப்படியையும் கட்டைவிரலால் தடவினார், முகர்ந்தார், வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கடைசியில், "ரெண்டாம் நம்பர் சரக்கு. காயம் கீது, ஆனா கழிச்சுப் போட முடியாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

சாயபு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன், ரைட்டரே. புது இஞ்சினா, இதையே சரி பண்றதா? நீ சொல்றதுதான்."

புது இஞ்சினுக்கு ஒரு மாதம், என் கல்யாணத்துக்கு ஒரு வாரம். இதற்கு மேல் யோசிக்க இஞ்சினீயரிங் எதற்கு? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சீமையில் இப்போதெல்லாம் ரிப்பேர்தான் நாகரிகம் என்று ஒரு போடு போட்டேன். அந்த மெத்தைக்கு நம் எருமைத் தோலையே வார் கிழித்து வைக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். கூட்டமே மெச்சிக்கொண்டது. தோலால் ஆகாத காரியம் உலகத்தில் உண்டு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

வைத்தார்கள். கார் ஓடியது! ஷாப்பைச் சுற்றி மூன்று வட்டம், சத்தமே இல்லாமல். பாழாய்ப்போன இஞ்சின் அங்கேயே நின்று தொலைத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

கல்யாணத்தன்று என் சொந்தக்காரர்கள் எல்லோரும் ரயிலேறிச் சுகமாகக் குடியாத்தம் போய்ச் சேர்ந்தார்கள். (ஆமாம், ரயில் இருந்தது.) நானும் சாயபுவும் முனுசாமியும் காரில் கிளம்பினோம். கோட்டு, டை, கையில் பூச்செண்டு. மாதனூர் தாண்டிப் பாலாற்று மணலில் இறங்கியதும் ஒரு வாசனை வந்தது. தோல் கருகுகிற வாசனை. முனுசாமி நாக்கைச் சொடுக்கிப் பார்த்தான். கார் நடு ஆற்றில் உட்கார்ந்துவிட்டது. தள்ளத் தள்ள மணலுக்குள் போயிற்றே தவிர நகரவில்லை.

ஆம்பூரில் பச்சைத் தோல் இறக்கிவிட்டுத் திரும்பிய மாட்டு வண்டி ஒன்று கடைசியில் கிடைத்தது. சாயபு காரை விட்டு வரமாட்டேன் என்று மணலிலேயே உட்கார்ந்துகொண்டார். தோல் கிடந்த பலகை மேல் நான் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஈ என்னோடு வந்தது.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இருட்டினால் நடத்தமாட்டேன் என்று பாதிரியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாத்தியார் வாசலிலேயே மறித்து என்ன நடந்ததென்று கேட்டார். பயத்தில் புங்க எண்ணெயிலிருந்து ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டேன். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது. இவ்வளவு புத்திசாலிக்குப் பெண் கொடுப்பதைவிட இன்றைக்கு நிறுத்திவிட்டு, தேவசகாயத்துக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து அடுத்த மாதம் முடித்துவிடலாம் என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். தேவசகாயம் தலையை வாரிக்கொண்டான். எஸ்தர் போய்விட்டாள் என்றே நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

வாத்தியார் மகளிடம் போய், நான் ஒப்பித்ததையெல்லாம் சொன்னார். "இன்னாம்மா சொல்றே?"

அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். முட்டி வரைக்கும் மணல், மேலே ஈ. முக்காட்டு நுனியால் மூக்கை மூடிக்கொண்டுதான் பேசினாள்.

"புதுசுக்கு ஒரு மாசம் யாருப்பா காத்துங்கெடக்கறது? இத்தையே ரிப்பேர் பண்ணிக்கறேன்."

பாதிரியார் சிரித்துக்கொண்டே ஜெபப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

சாயபு பிறகு புது இஞ்சினே வரவழைத்துப் போட்டார். என் ரிப்பேர் இன்னும் முடியவில்லை. குடியாத்தத்தில் எனக்குப் பெயரே ரிப்பேர் மாப்பிள்ளைதான். தேவசகாயம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வருகிறான், இன்னமும் சிவப்பாக, தலை நிறைய முடியோடு. போன வருஷம் நான் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இன்னா எஸ்தர், இன்னும் மாத்தலையா?" என்று பேரப்பிள்ளைகள் நடுவில் கேட்டான்.

அவள் எனக்குக் கஷாயம் ஆற்றிக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. "ஓடற வரிக்கும் ஓடட்டும் அத்தான்," என்றாள்.