மதிலில் வாய் திறந்த மனிதர்

என் மதிலுக்கு வெள்ளையடித்தே தீருவது என்று ஒரு காலையில் முடிவெடுத்தேன். முடிவை எடுப்பது சுலபம். அதைக் குசினிக்குள் மனைவியிடம் கொண்டுபோய்ச் சொல்வதுதான் கஷ்டம். மூன்று முறை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

முதலில் மதிலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. சந்தைக்கு வருகிறவர்களும் கோயிலுக்கு வருகிறவர்களும் வாகனத்தை என் கேற்றுக்கு முன்னால் விட்டுவிட்டுப் போவார்கள். நான் சாரமும் பெனியனுமாக வெளியே வந்து கத்துவேன். தினமும் கத்துவேன். வெளியே கத்தினால் யாரும் திருப்பிக் கத்துவதில்லை. வீட்டுக்குள் அந்த வசதி கிடையாது.

ஒருநாள் விடிந்து பார்த்தால் மதிலில் ஒரு படம். சாரம் கட்டிய மனிதர். ஒரு கை வானத்தில். வாய் எங்கள் கேற் அளவுக்குத் திறந்திருக்கிறது. அந்த வாய்க்குள் ஒரு ஓட்டோ மாட்டிக்கொண்டு பின்னுக்கு எடுக்க வழி தெரியாமல் நிற்கிறது. வழுக்கைத் தலையில் மூன்று முடி. என் தலையிலும் மூன்றுதான். கீழே மூலையில் 'இரவல்' என்று ஒரு கையெழுத்து. ஊரார் மதிலில் படம் கீறிவிட்டு மறைந்துவிடும் தெரு ஓவியரின் பெயராம் அது. ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாதாம்.

அதற்குப் பிறகு என் கேற்றுக்கு முன்னால் ஒரு சைக்கிள்கூட நிற்பதில்லை. அந்த நன்மையை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால் என் மகள் தனுஷியாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெடியன் பிரியந்தன், எஞ்சினியர். கொட்டாஞ்சேனைக் குடும்பம். இந்த ஞாயிறல்ல, அதற்கடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முறையாக வரமுதல் ஒளித்து வந்து பார்ப்பார்கள். கோயில் வீதியில் பார்ப்பார்கள், கலியாண வீட்டுப் பந்தியில் பார்ப்பார்கள், வீட்டு வாசலால் இரண்டு தரம் போய்வந்து பார்ப்பார்கள். படம் வருவதற்கு முன், போன வருடம் வந்த சம்பந்தக்காரர் அப்படித்தான் பார்க்க வந்து, காரை என் கேற்றுக்கு முன்னால் விட்டார். நான் வெளியே வந்தேன். மிச்சத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தனுஷியா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இந்த முறையும் என் வாயால் பிள்ளையின் வாழ்வு போய்விடுமோ என்று எனக்கு நித்திரையே இல்லை. வாயை மூடிவைக்கலாம். மதிலில் இருக்கிற வாயை என்ன செய்வது?

"அன்னம், மதிலுக்கு வெள்ளையடிக்கப் போறன்."

என் மனைவி அன்னபாக்கியம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் நிற்கவில்லை.

"ஏன்?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம்."

"அவை மதிலைப் பாக்கவோ வருகினம்?"

"மதிலைத் தாண்டித்தானே உள்ளுக்கு வரவேணும். பாத்த உடன திரும்பி ஓடிடுவினம்."

"அது கலையப்பா. மியூசியத்தில இப்ப அந்த ஆளுக்குப் பெரிய கண்காட்சி நடக்குது."

"மதிலில கிறுக்கிறவனுக்கு மியூசியமோ?"

"சனிக்கிழமை போய்ப் பாப்பம். பாத்திட்டு, அது கலை இல்லையெண்டு எனக்கு விளங்கப்படுத்துங்கோ. பிறகு வெள்ளையடியுங்கோ. நான் வாய் திறக்க மாட்டன்."

அன்னம் வாய் திறக்காமல் இருப்பதா? உடனே சம்மதித்தேன். மனுசன் பேராசைப்படக் கூடாது.

சனிக்கிழமை காலை கட்டிலில் என் நீலச் சேட் ஸ்திரி போட்டுக் கிடந்தது. சவரம் செய்யச் சொன்னாள். செய்தேன். இன்னொருமுறை செய்யச் சொன்னாள். அதையும் செய்தேன். அவள் பட்டுச்சேலை கட்டி, தாலிக்கொடியை வெளியே எடுத்து விட்டுக்கொண்டாள்.

"கிறுக்கலைப் பாக்கப் பட்டுச்சேலை என்னத்துக்கு?"

"மியூசியம்தானே. நாலு பேர் வருவினம்."

மியூசியம் வாசலில் தலையில் ஷோல் போட்ட ஒரு பிள்ளை நின்றது. கண்காட்சியைச் சுற்றிக் காட்டுகிறவர். சட்டையில் ஜுமானா என்று பெயர் குத்தியிருந்தது. அன்னத்தைக் கண்டதும் அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"வாங்க அன்ரி. நல்லா இருக்கீங்களா?"

"இந்தப் பிள்ளைக்கு உம்மைத் தெரியுமோ?" என்று காதோடு கேட்டேன்.

"ஆரைக் கண்டாலும் இப்பத்தைப் பிள்ளையள் அன்ரி எண்டுதான் கூப்பிடும்."

என்னை மட்டும் அந்தப் பிள்ளை கூப்பிடவில்லை. தலையைப் பார்த்தது. முடியை எண்ணுகிற மாதிரி இருந்தது.

உள்ளே மருதானை வேர்க்ஷொப் ஒன்றின் இரும்பு ஷட்டரை அப்படியே கழற்றி வந்து தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒரு மெக்கானிக் காருக்கு அடியில் நித்திரை. கால் மட்டும் தெரிந்தது.

"பழைய இரும்பைத் தூக்கிவந்து லைற் போட்டா அது கலையோ?" என்றேன். விவாதத்தைத் தொடங்கிவிட்டேன்.

"உங்களையும் தூக்கிவந்து பட்டுவேட்டி கட்டி, லைற் போட்டு மணவறையில இருத்தினவை. எல்லாரும் மாப்பிள்ளையெண்டு நம்பினவைதானே."

அடுத்த அறையில் ஒரு பழைய மரக்கதவு. கொம்பனித்தெருவில் மாடிக் கட்டடத்துக்காக இடித்த வீடொன்றின் கதவாம். அதில் ஒரு பெண் கதவை அரைவாசி திறந்து எட்டிப் பார்க்கிறாள். வீடு இல்லை. கதவும் அவளும் மட்டும் இருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு கனத்துப் போய்விட்டது. அதை அன்னத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் விவாதத்தில் எனக்கு ஒரு புள்ளி குறையும்.

"என்ன, கதையைக் காணேல்லை?"

"கதவில சாயம் உரிஞ்சு கிடக்கு" என்றேன்.

கடைசி மண்டபத்துக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். எதிர்ச் சுவர் முழுக்க என் மதில். படம் பிடித்துப் பெருப்பித்து, விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மதிலில் இருந்ததைவிட வாய் இன்னும் பெரிது. முன்னால் ஒரு கூட்டமே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"போவம் அன்னம். எனக்குத் தலை சுத்துது."

"வந்தது இதைப் பாக்கத்தானே. நேரா நில்லுங்கோ. சேட்டை இழுத்து விடுங்கோ."

படத்துக்குப் பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர். அவருக்கருகில் அவர் மனைவி. பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல படம். என்ன சொல்லுறியள்?"

"எங்க ஐயா நல்ல படம்? கையைப் பாருங்கோ, உலக்கை மாதிரி. வாயைப் பாருங்கோ. ஒரு மனுசன்ர வாய் இப்பிடித் திறக்குமோ? பொய். முழுப் பொய்."

"இருக்கலாம்" என்றார் பெரியவர். "இப்பிடி ஒரு ஆள் உலகத்தில இருக்க மாட்டார்தான்."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்னத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தோடு போயிருக்கலாம். ஆனால் பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"எண்டாலும் இந்த ஆள் ஏன் இவ்வளவு கோவிக்கிறார்? தெரு எல்லாருக்கும் பொதுதானே. ஒருத்தன்ர கேற்றுக்கு முன்னால கொஞ்ச நேரம் வாகனத்தை விட்டா என்ன குடி முழுகிப் போகுது?"

"பொதுவோ?" என்றேன்.

"ஓம், பொதுதானே."

"என்ர கேற்றுக்கு முன்னாலையோ? ஆஸ்பத்திரிக்குப் போற அவசரமெண்டா நான் ஆரின்ர தலையில ஏறிப் போறது? களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் பறந்தோ போறது?"

என் கை தானாக மேலே போய்விட்டது. வாய் தானாகத் திறந்துவிட்டது. எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. ஒருவழியாக நிறுத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சுவரைப் பார்த்தார்கள். பிறகு திரும்பவும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் கைதட்ட, முழு மண்டபமும் கைதட்டியது. ஜுமானா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"சந்தோசம்" என்றார் பெரியவர். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும் ஓட்டோவில் நான் தலையை நிமிர்த்தவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அங்கே நின்றவர்களில் யாராவது பிரியந்தன் வீட்டுக்குச் சொல்லிவிட்டால்?

அன்னம்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"நீங்கள் சொன்னது சரி. அது கலை இல்லை. வெள்ளையடியுங்கோ."

முப்பது வருடத்தில் என் வாதத்தை அவள் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்னம் சண்டை பிடித்தால் சமாளிக்கலாம். தோற்றால்தான் ஆபத்து.

மறுநாளே காளியப்பன் பாஸ் வந்தார். கொழும்பில் வேலை தெரிந்த எவரும் பாஸ்தான். இவர் பெயின்ற் பாஸ். ரோலரும் ஏணியுமாக மதிலுக்கு முன்னால் நின்று படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் தொட்டு வைக்கமுதல் அன்னம் வெளியே வந்தாள்.

"இஞ்சருங்கோ, மதில் மட்டும் பளிச்செண்டிருந்தா, பின்னால வீடு கறுப்பாத் தெரியாதோ?"

தெரியும்தான். கடல் உப்புக்காற்றில் எங்கள் வீட்டுச் சுவர் பொருக்கு விட்டுப் போய்த்தான் கிடந்தது. சுவரை அடிக்கச் சொல்லி அவள் எத்தனையோ வருடமாகக் கேட்டும் நான் தட்டிக் கழித்துவந்த வேலை அது. சரி, முன்சுவரையும் அடிக்கட்டும் என்றேன்.

"முன்சுவர் அடிச்சா விறாந்தை?"

விறாந்தையும் அடித்தாயிற்று.

"விறாந்தையில இருந்து பாத்தா ஹோல்தானே தெரியுது."

ஹோலும் அடித்தாயிற்று. ஹோலை அடித்தபின் கூரை பழசாகத் தெரிந்தது. கூரையை அடித்தபின் குசினி தெரிந்தது. அலுமாரி மாமரத்துக்குக் கீழே நின்றது. நான் சோற்றுக் கோப்பையை வைக்க இடமில்லாமல் படியில் நின்று சாப்பிட்டேன்.

"பாஸ், மதில் எப்ப?" என்று கேட்பேன்.

"மதில் கடைசியாத்தாங்க ஐயா. உள்ளேருந்து வெளிய வந்தாத்தான் வேலை சுத்தமா இருக்கும்" என்பார்.

அடுத்த சனிக்கிழமை. விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார். கடைசியில் பாஸ் வாளியோடு மதிலுக்கு வந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ரோலரை வாளியில் தோய்த்தார். அப்போது அன்னம் போனும் கையுமாக வந்தாள்.

"பாஸ், கொஞ்சம் பொறுங்கோ. இஞ்சருங்கோ, பிரியந்தன்ர அப்பா கதைக்கிறார்."

போனை வாங்கினேன்.

"வணக்கம். நாளைக்கு வாறம். காரை உங்கட கேற்றுக்கு முன்னால விடலாமோ? தெரு பொதுதானே."

குரலைக் கேட்டதும் நரைத்த மீசை கண்முன்னால் வந்தது. "நீங்களோ?" என்றேன்.

"பயப்பிடாதேங்கோ" என்றார் அவர். "பிள்ளையின்ர அப்பா எப்பிடிப்பட்டவர் எண்டு பாக்கத்தான் அண்டைக்கு மியூசியத்துக்கு வந்தனாங்கள். சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சிட்டுப் பின்னால வேற கதைக்கிற சம்பந்தியளைக் கண்டு அலுத்துப் போச்சு. உங்களிட்ட அந்தக் கரைச்சல் இல்லை. மதிலில இருக்கிற ஆள்தான் உள்ளையும் இருக்கிறார். எங்களுக்கு முழுச் சம்மதம். பெடியனுக்கு ஒரே ஒரு ஆசை. தனுஷியாவோட அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு போட்டோ எடுக்க வேணுமாம். மதிலில கை வைச்சுப் போடாதேங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாயால் பிள்ளைக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்னத்திடம் திரும்பினேன்.

"நீரோ அவையை அங்க வரச் சொன்னது?"

"தற்செயலாச் சந்திச்சனாங்கள்."

"அந்த மியூசியத்துப் பிள்ளைக்கு உம்மைத் தெரியாதெண்டீர்."

"தெரியாதெண்டு எப்ப சொன்னனான்? அதுதானே அந்த இரவல். படம் கீற ஒரு மதில் வேணுமெண்டு வந்து கேட்டுது. ஓம் எண்டன். கீற ஒரு ஆளும் வேணுமெண்டுது. உங்கட போட்டோ ஒண்டு குடுத்தன்."

"அப்ப வெள்ளையடிக்கச் சொன்னது?"

"வீட்டுக்கு ஆக்கள் வருகினம்தானே. எத்தினை வருசமாச் சொல்லிக்கொண்டு வாறன்."

திரும்பிப் பார்த்தேன். வீடு முழுக்கப் பால் வெள்ளை. முடிவெடுத்த நாளில் இருந்தபடியே இருந்தது என் மதில் மட்டும்தான்.

அன்னம் பாஸிடம் சொன்னாள்: "பாஸ், மழைக்கு ஐயாவின்ர படம் கழுவுப்பட்டிடும். மேல நல்ல வார்னிஷ் ஒண்டு பூசி விடுங்கோ."

வாய்ப் பக்கம் உயரமாக இருந்ததால், அவர் பூசி முடிக்கும்வரை ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.