தினமும் வந்த ரத்தக்காரர்

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான் நடமாடினார். அவரையும் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. சிவகாசி ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் எல்லாரும் அவரை ‘ரத்தக்காரர்’ என்றார்கள், பால்காரர் என்பதுபோல. மதுரையில் ஆராய்ச்சி மாணவர். காலையில் வருவார். சம்மதித்த நோயாளிகளிடம் கொஞ்சம் ரத்தம் எடுப்பார். அதை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்து ஏறுவார். குலுங்கினால் அணுக்கள் கெட்டுப்போகுமாம்.

ஒருநாள் பக்கத்து இருக்கைப் பெண்மணி பதறிவிட்டார். “ஏன்ய்யா, பச்சப் பிள்ளையவா பெட்டியில போட்டு மூடியிருக்கீக? மூச்சு முட்டாதா?”

“பிள்ளை இல்லம்மா. மனுச ரத்தம்.”

திருத்தங்கல் தாண்டுவதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிட்டார். கொளுத்தும் வெயிலில் சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்தி, பனியனோடு அடுத்த வண்டிக்கு நின்ற கதையை மறுநாள் அவரே வார்டில் சொன்னார்.

என் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஐஸுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே, தம்பி?”

“ஐஸும் இருக்குக்கா. ஆனா ரத்தமும் இருக்கே!”

அக்கா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் திரி செருகும் வேலை பார்த்தவள். தீபாவளி சீசனில் வெடிமருந்து பற்றிக்கொண்டதில் முதுகும் கைகளும் வெந்துவிட்டன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போகவைத்தவள் அவள். குப்புறப் படுத்தபடியே, ‘என் தங்கச்சி காலேஜ்ல விலங்கியல் படிக்கா’ என்று வார்டு முழுக்கத் தமுக்கடித்திருந்தாள்.

“ஏ புள்ள, படிச்சவதானே நீ? கேட்டுச் சொல்லு. இம்புட்டு ரத்தத்தையும் என்ன செய்தாக? கொசுவுக்குப் பங்கு போடுதாகளா?”

அவ்வளவுதான், ரத்தக்காரர் உற்சாகமாகிவிட்டார். வெள்ளையணுக்களில் ஒரு வகை, கிருமியைப் பிடித்து அதன் துண்டைத் தன் மேலே தூக்கிக் காட்டும். அதைப் பார்த்துத்தான் மற்ற அணுக்கள் சண்டைக்கு வரும். அப்படித் தூக்கிக் காட்டுவதற்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ள ஒரு புரதம் வந்து சேர வேண்டும். அதற்குப் பெயர் கோஆக்டிவேட்டர்.

“அது மரபணுவைத் தொடவே தொடாதுக்கா. ஏற்கெனவே தொட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற புரதங்களோட போய்ச் சேர்ந்துக்கும். அது வந்தாத்தான் வேலையே தொடங்கும்.”

“எங்க போர்மேன்தான் அது,” என்றாள் அக்கா. “வெடியக் கையால தொட மாட்டாரு. ஆனா அவரு வந்து நின்னாத்தான் ஒரு கை அசையும்.”

ரத்தக்காரர் தீவிரமாக யோசித்தார். “ஆனா அது யாரையும் திட்டாதுக்கா.”

“அப்ப நல்ல போர்மேன்.”

பெரிய தீக்காயம் பட்டவர்களுக்கு அந்தப் புரதம் குறைந்துபோகும். சிலருக்கு மெல்லத் திரும்ப ஏறும், சிலருக்கு ஏறாது. அதைத்தான் அவர் தினமும் அளந்தார். அன்றிலிருந்து காலையில் அவர் தலை தெரிந்ததுமே அக்கா கேட்பாள்: “எங்க போர்மேன் வேலைக்கு வந்தாரா?”

“இன்னும் சரியா வரலைக்கா.”

“சம்பளத்தப் பிடிங்க!”

புண் காயத் தொடங்கியது. தீக்காயம் பார்த்துப் பழகிய ஊர் எங்களுடையது. புண்ணில் நீர் வற்றி, ஆள் பசிக்கிறது என்று சொல்லிவிட்டால் பிழைத்தாயிற்று என்றே எடுத்துக்கொள்வார்கள். அக்கா கெட்டிச் சட்னியோடு இட்லி கேட்டாள். அம்மா அங்கேயே நின்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். எல்லாரும் சிரித்தோம், ரத்தக்காரரைத் தவிர.

வராந்தாவில் அவரை மறித்தேன். “என்னண்ணே?”

“மேல புண் ஆறுது. உள்ள அணுவெல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நிக்குதும்மா. கிருமி வந்தா காட்டிக்கொடுக்க ஆளில்ல. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

“அந்தப் புரதத்த ஏத்த மருந்து கெடையாதா?”

“இல்லம்மா. எங்களுக்கு இப்போதைக்கு அளக்கத்தான் தெரியும்.”

அந்தப் பதில்மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இன்று நானும் அந்தப் புரதத்தைப் பற்றியேதான் படிக்கிறேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. மருந்து மாற்றி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்கியது. அன்று காலை ரத்தக்காரர் ஊசியை எடுக்காமல் கட்டிலருகே உட்கார்ந்தார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். “இன்னைக்கு ரத்தம் வேண்டாமா, தம்பி? போர்மேன்... வந்தாரா?”

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“வந்துட்டாருக்கா. விடியவுமே வந்துட்டாரு. வேலையெல்லாம் ஜோரா ஓடுது.”

“பாத்தீகளா,” என்றாள் அக்கா. “சீசன் நேரத்துல அவரு லீவு போட மாட்டாரு.” கண்ணை மூடிக்கொண்டாள்.

மதியம் போய்விட்டாள்.

கருமாதி அன்று ரத்தக்காரர் எங்கள் ஊருக்கு வந்தார். உள்ளே வராமல், பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மல்லாங்கிணற்றிலிருந்து வந்திருந்த அத்தைக்கு அவரைத் தெரியாது.

“யாரு இது, இந்த அழுகை அழுதாக?”

அம்மா எழுந்து போனாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“எம் பிள்ளைகளுக்குக் கூடப் பெறந்தவன்,” என்றாள்.

அத்தை எங்கள் வரிசையிலேயே அவருக்கும் ஓர் இலை போட்டாள்.