மண்வாக்கு ஐயாவின் கொட்டகை

விடிந்ததும் விடியாததுமாக மண்வாக்கு ஐயாவின் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. ஆளுக்கொரு டப்பா, டப்பாவுக்குள் அவரவர் மேய்ச்சல் நிலத்து மண். ஐயா அதை மோந்து பார்ப்பார், காதோரம் வைத்துக் கேட்பார், எந்த ஆவி அங்கே குடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மண்ணுக்கு வாய் உண்டோ இல்லையோ, ஐயாவுக்கு இரண்டு ஆள் வாய் இருந்தது.

பால்காரம்மா கணவருடன் வரிசையில் நின்றாள். அவளுடைய கறுப்புப் பசு சில மாதங்களாகத் துருப்பிடித்ததுபோல் செம்பட்டையாகிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றி மயிர் வெளுத்து, மூக்குக்கண்ணாடி மாட்டிய வாத்தியாராட்டம் முழித்தது. கன்றோ கால் தள்ளாடி விழுந்தது.

ஐயா மண்ணை மோந்தார். "பொல்லாத ஆவிம்மா. இப்ப மாட்டு நிறத்தைத் தின்னுது. அடுத்து உங்க வீட்டு ஆளத் தின்னும்."

"இதுக்கு வழியே இல்லீங்களா?" என்று கேட்டார் கணவர்.

"வெள்ளிக்கிழமை மாட்டை என் கொட்டகையில கட்டிட்டுப் போங்க. அந்தப் பாரத்தை நான் சுமக்கறேன்."

என்ன தயாள குணம்! இப்படிச் சுமந்து சுமந்தே ஊர் மாடுகளில் பாதி அவர் கொட்டகைக்குப் போயிருந்தன. திரும்பி வந்தது ஒன்றுமில்லை.

புட்டியில் பால் ஊட்டி வளர்த்த பசு அது. பால்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கால்நடை டாக்டரை வரவழைத்தாள். அவர் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்.

"செம்புச் சத்து கம்மிம்மா. மண்ணுல இல்லாதது புல்லுல வராது. புல்லுல இல்லாதது மாட்டுக்கு எங்கேருந்து வரும்? தாது உப்பு குடுங்க. நான் சொல்ற அளவுதான், கூடிட்டா விஷம்."

"டாக்டருக்கு ஆவியப் பத்தி என்ன தெரியும்?" என்றார் கணவர். பசுவை ஓட்டிப்போவதில் அவர் உறுதியாக இருந்தார்.

கணவரின் தங்கையான நாத்தனார் போன வருஷமே ஐயாவிடம் விட்டிருந்த பசுவைப் பார்க்கும் சாக்கில் அவள் ஐயாவின் கொட்டகைக்குள் நுழைந்தாள். எலும்பும் தோலுமாக அங்கே போன மாடு, இப்போது எண்ணெய் தடவியதுபோல் கன்னங்கரேலென்று நின்றது. எதிரே தொங்கிய தாது உப்புக் கட்டியைச் சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது. அதன் காலடி மண்ணை ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, கூட்டத்தின் நடுவே டப்பாவை நீட்டினாள். "இது வேற இடத்து மண்ணுங்க. பாத்துச் சொல்லுங்க."

ஐயா மோந்ததும் முகம் சுளித்தார். "ஐயையோ, படு மோசம். இதுல நிக்கற மாடு பிழைக்காது. நிலத்துக்காரன் ரத்தம் கக்குவான்."

"பாவம். உங்க கொட்டகை மண்ணுதாங்க."

ஐயா சமாளித்தார். "அது... நீங்க விட்ட மாடுங்களோட வந்த ஆவி."

"அப்ப அந்த மாடுங்க எப்படி இருக்குன்னு எல்லாருமா பாத்துட்டு வந்துருவோம்."

கூட்டம் கொட்டகைக்குள் புகுந்தது. நாத்தனார் தன் பசுவைத் தடவிப் பார்த்தாள், உப்புக் கட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணா, இது எதுக்கு?"

பால்காரம்மாவின் கணவர் தலையைச் சொறிந்தார். "ஆவி நக்கறதுக்கா இருக்கும்," என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் தன் பசுவின் கயிற்றை அவிழ்த்தாள். மற்றவர்களும் அவரவர் மாட்டைத் தேடினார்கள். ஐயா பின்பக்கத்து வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார். எந்த ஆவியும் அவருக்குக் கை கொடுக்கவில்லை.

கடைசியாக நின்ற ஒருவன் டப்பாவோடு தவித்தான். "அப்ப என் மண்ணை எந்த ஐயாகிட்டக் காட்டறது?"

"மண் பரிசோதனைக்கு அனுப்பு," என்றாள் பால்காரம்மா. "இனிமே யாராவது மண்ணு பேசுதுன்னா, என்ன பேசுச்சுன்னு அப்புறம் கேளு. பேசுமான்னு முதல்ல யோசி."