நகராத வேனுக்கு நல்ல பேட்டரி

யான் என்ற ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வேனின் காற்றாடி நின்றுவிட்டது.

வேன் என்னவோ கரங்கானில், வீட்டு ரம்புத்தான் மரத்தடியில்தான் எட்டு மாதமாக நிற்கிறது. காளிதாசன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் கட்டில், காற்றாடி, அடுப்படிச் சாமான் என்று எல்லாவற்றையும் தன் கையால் பொருத்திய வேன். மனைவி உமாராணியோடு ஊர் ஊராகச் சுற்றுவது அவர் திட்டம். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது பக்கவாதம் வந்து இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது. அவளிடம் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ்தான் உண்டு.

அதனால் காலையில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, மாலை நான்கு மணிக்கு அவரைத் தாங்கி வந்து வேனில் உட்கார வைப்பாள். தேநீர் ஊற்றிக்கொடுத்து, அன்றைக்குப் போகும் ஊர் என்று ஒரு பெயரைச் சொல்வாள். இதுவும் இல்லையென்றால் மனிதர் சுவரைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

"போதும் உமா. வீட்டுக்குப் போலாம்," என்றார் காளிதாசன், நின்ற காற்றாடியைப் பார்த்து.

மனம் தளர்ந்துபோய்ப் பேசுகிறார் என்று அவள் உடனே போனை எடுத்தாள்.

பேட்டரிக் கடை கென்னத் வந்து பார்த்தான்.

"இது காடி ஸ்டார்ட் பண்ற பேட்டரி ஆண்ட்டி. ஒரே தம்முல எல்லாத்தையும் குடுத்துட்டு ஓஞ்சிரும். உங்களுக்கு நாள் பூரா கொஞ்சங் கொஞ்சமா குடுக்குற பேட்டரி தனியா வேணும்லா."

பேட்டரியைப் பற்றித்தான் சொல்கிறானா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

"அதையே போடு."

"பேசாம வீட்டுலேர்ந்து வயர் இழுத்துரலாமே?"

"அப்புறம் அது வீட்டுல இன்னொரு ரூம்தானேப்பா. பயணமா?"

புதுப் பேட்டரி பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அதற்குத் தாகம் என்று முடிவுசெய்து, மூடிகளைத் திறந்து குழாய்த் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டாள். அமிலம் பொங்கி வழிந்தது. துடைக்கப் போனதில் கைலியில் மூன்று ஓட்டை.

"பைப் தண்ணி ஊத்துனா ரோசாக் ஆயிடும் ஆண்ட்டி, கெட்டுப்போச்சு," என்றான் கென்னத். "இதுக்குன்னு தனித் தண்ணி விக்குது. அதையும் அளவாத்தான் ஊத்தணும்."

அடுத்த பேட்டரியோடு கூரைமேல் சோலார் தகடும் ஏறியது. மரநிழலில் அதற்கு வெயில் எட்டவில்லை. ஆள் வைத்து மரத்தை வெட்டினாள். இப்போது தகட்டுக்கு வெயில் கிடைத்தது, வேனுக்கும் கிடைத்தது. காற்றாடி அடுப்பை ஊதுவதுபோல் அனலை ஊதியது.

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு எந்த ஊருக்கு அக்கா?"

"அலோர் ஸ்டார்."

"அண்ணனுக்கு ஊத்துற வேர்வையப் பாத்தா பாலைவனம் மாதிரி இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் காற்றாடி மறுபடியும் நின்றது. காளிதாசன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது போலிருந்தது. வெயில் கூசுகிறது என்று எண்ணிக்கொண்டாள். முப்பத்தொரு வருடமாக அவர் முகத்தை அவளேதான் படித்து, அவளேதான் அர்த்தமும் சொல்லிக்கொள்கிறாள். கேட்டதில்லை.

கென்னத் மீட்டரோடு வந்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தான். பேட்டரியில் கோளாறில்லை, தகட்டிலும் இல்லை. கடைசியில் காளிதாசனின் இருக்கைக்கு அடியில், அவருடைய வலது கைக்கு எட்டும் இடத்தில் குனிந்து, வயரோடு ஒரு ரைஸ் குக்கரை வெளியே இழுத்தான். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"நான் இதுல ஒரு நாளும் சோறு ஆக்குனதே இல்லையே," என்றாள் உமாராணி.

காளிதாசன் ஜன்னல் வழியாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கென்னத் தலையைச் சொறிந்தான்.

"மொதல்ல புது பேட்டரி போட்ட அன்னைக்கே அங்கிள் எனக்கு போன் பண்ணி, பேட்டரிய சீக்கிரமா காலி பண்றது எதுன்னு கேட்டாரு ஆண்ட்டி, ரைஸ் குக்கர்னு சொன்னேன், அத எடுத்து வெளிய வைக்கத்தான் கேக்குறாருன்னு நெனச்சேன்."