வாசலில் மூன்று பாசிப்பந்துகள்

நடந்தது இதுதான்:

1. ஜப்பான் காலண்டர் ஒன்றில் பாசிப்பந்தின் படத்தைப் பார்த்தேன்.
2. அதேபோல் ஒன்று செய்து என் அறை வாசலில் தொங்கவிட்டேன்.
3. அதுவரை என்னைப் பார்த்துத் தலையாவது அசைத்த அக்கம்பக்கத்தார் அதையும் நிறுத்திவிட்டார்கள்.
4. நான் இன்னும் இரண்டு தொங்கவிட்டேன்.

நான்காவதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் உருப்படியான விளக்கம் இல்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்து, திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரையும் வேலை. ஸ்ரீரங்கத்தில், ஒரே கிணற்றைச் சுற்றி ஆறு குடித்தனம் இருந்த ஸ்டோரில் கடைசி அறை என்னுடையது. குடிவந்து நான்கு மாதம். காலையில் பஸ் கண்டக்டர் "எங்கம்மா?" என்பார். மாலையிலும் "எங்கம்மா?" என்பார். பல நாள் என்னிடம் யாரும் பேசியது அவ்வளவுதான். (ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது.)

அலுவலகத்துக்கு வந்த காலண்டரில், மண் உருண்டையில் செடியை நட்டு, சுற்றிலும் பச்சைப் பாசி போர்த்தி, நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தொட்டியே இல்லை. இப்படி ஒன்று வாசலில் இருந்தால், "இது என்ன?" என்று யாராவது கேட்பார்கள், உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுக்கலாம். இதுதான் திட்டம். (குறுக்குவெட்டுப் படம்கூட வரைந்தேன்.)

காவிரி வண்டல், கிணற்றுச் சுவரில் சுரண்டிய பாசி, அங்கேயே முளைத்திருந்த பெரணிச் செடி. வாழைநார் நழுவியதால் கறுப்பு நூலைச் சுற்றினேன். வாசல் நிலையின் மேல்சட்டத்தில், அளந்து, சரியாக நடுவில் மாட்டினேன்.

யாரும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார்கள், குனிந்து வேகமாகப் போனார்கள். பக்கத்து அறைக்காரி தன் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடினாள். பந்து சிறியது, கண்ணில் படவில்லை என்று முடிவு செய்து, பெரிதாக இரண்டு செய்து இருபுறமும் மாட்டினேன்.

மறுநாள் எதிர் அறை அலமேலு மாமி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏண்டிம்மா, எங்க கண்ணு அவ்வளவு பொல்லாததா?"

"என்ன மாமி?"

"திருஷ்டிக்கு எல்லாரும் ஒண்ணு கட்டுவா. நீ மூணு கட்டியிருக்கே, கறுப்பு நூல் வேற! அப்படி என்னடி வெச்சிருக்கே உள்ளே?"

எட்டிப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரு வரைபலகை.

"திருஷ்டி இல்லை மாமி. ஜப்பான் அலங்காரம். இதைப் பாத்துட்டு யாராவது வருவாங்கன்னு கட்டினேன்."

"வரப்படாதுன்னு கட்டறதைக் கட்டிட்டு, வருவான்னு உக்காந்திருந்தியா?"

குடத்துத் தண்ணீர் பாதி கொட்டும்வரை சிரித்தாள். மத்தியானத்துக்குள் ஸ்டோர் முழுக்கச் சிரித்தது. அந்த வெள்ளிக்கிழமையே குழந்தைக்காரி வந்து கேட்டாள்: "எங்களுக்கும் அந்த ஜப்பான் திருஷ்டி ஒண்ணு கட்டிக் குடுங்களேன்." பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.

ஏழு வருஷம் ஆயிற்று. புதிதாக யார் குடிவந்தாலும் மாமி என்னைக் காட்டி, "உள்ளூர் திருஷ்டி போறாதுன்னு ஜப்பான்லேர்ந்து வரவழைச்சவ இவதான்" என்கிறாள்.

இப்போதைய நிலை: ஆறு வாசலிலும் பாசிப்பந்து தொங்குகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது நான். எல்லாரும் என்னோடு நன்றாகப் பேசுகிறார்கள், அவரவர் வாசலில் நின்றபடி. என் அறைக்குள் இன்னும் யாரும் வரவில்லை.