ரிவர்சில் போய்ப் பெண் பார்த்த கதை

சாமான்களைப் பழுதுபார்க்கத் தெரியாதவனால் ஒரு வீட்டுக்குப் பெரிய கெடுதல் வந்துவிடாது. ஏதாவது பழுதானால் அவன் பாஸைக் கூப்பிடுவான். (எங்கள் பக்கத்தில் தச்சரும் பாஸ், மெக்கானிக்கும் பாஸ்.) பழுதுபார்க்கத் தெரிந்தவன் இருக்கிறானே, அவன்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிட்ட வருவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சின்னக் கிளாக்கர். மாலையானால் எதையாவது கழற்றாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆபீஸ் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டியபோது சில திருகாணிகள் மிஞ்சின. கடிகாரம் ஓடியது. ஆகவே அவை தேவையற்ற திருகாணிகள் என்று தீர்மானித்தேன். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் முறை தெரியும்.

அப்போதுதான் சீமைக்குத் திரும்பிப்போன துரை ஒருவர் விட்டுச்சென்ற குட்டிக் கார் என் கைக்கு வந்தது. அதில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கோழிகளை வெளியேற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதன் அடியில் மல்லாந்து கிடந்தே கழித்தேன். கடைசியில் அது ஓடியது. சத்தமும் போட்டது. எனக்கு இரண்டும் பெருமைதான்.

அதே சமயத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தலைமைக் கணக்கப்பிள்ளையின் மகள். நல்ல இடம். பஸ்ஸில் போகலாம் என்றார் அம்மா. தானே உயிர்கொடுத்த கார் வாசலில் நிற்க, பஸ்ஸில் போகிறவன் ஆண்பிள்ளையா?

ஏற்றம் அதிகம் என்று தெரியும். எனவே முறைப்படி சுமையைக் குறைத்தேன். ஸ்பேர் டயரை இறக்கினேன். பெட்ரோலையும் போய்ச்சேரும் அளவுக்கு மட்டும் ஊற்றினேன். (முன் சீட்டில் ஏறிய என் தாய்மாமாவின் உடம்பைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை.) அம்மா பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

தோட்டத்து ரோட்டில் திரும்பி, முதல் செங்குத்து வளைவில் ஏறும்போதே கார் நின்றுவிட்டது.

"என்னா மாப்ள, கோழி ஞாபகம் வந்துருச்சா வண்டிக்கு?" என்றார் மாமா.

விளக்கினேன். இந்தக் காரில் பெட்ரோல் டாங்கி முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து பெட்ரோல் தானாக வழிந்துதான் முன்னாலிருக்கும் இன்ஜினுக்குப் போகவேண்டும். காரின் மூக்கு மேலே தூக்கியிருந்து, பெட்ரோலும் குறைவாக இருந்தால் அது வழியாது. இதற்கு முறை இருக்கிறது: காரைத் திருப்பி, ரிவர்சில் ஏறவேண்டும்.

"பொண்ணு வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டா போறது?" அம்மா தட்டை இறுக்கிக்கொண்டார். "ஏண்டா, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"ராகு காலத்துக்கு முந்திப் போவணும்ல அக்கா? எப்படியாச்சும் போவட்டும்" என்ற மாமா, இறங்கி நடக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து சீட்டில் இன்னும் ஆழமாக உட்கார்ந்தார்.

காரைத் திருப்பினேன். தலையைப் பின்னால் திருப்பி, பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தபடி ரிவர்சில் ஏறத் தொடங்கினேன். அம்மாவும் வாழைப்பழங்களும் என் முதுகை நோக்கிச் சரிந்துகொண்டே வந்தார்கள்.

இதில் நான் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமையானாலும் மலைச்சரிவில் பெண்கள், அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைக்கு மேலே அவர்களுக்குத் தெரிந்தது, கீழ்நோக்கி மூக்கை வைத்திருந்த ஒரு கார் மட்டுமே.

"அடியே, மாப்புள வீட்டுக்காரங்க பாதியில திரும்பிட்டாங்கடி!"

அந்தக் குரலை மேலே நின்றவள் வாங்கி, அதற்கும் மேலே அனுப்பினாள். நிரைக்கு நிரை தாண்டிச் சேதி மலை ஏறியது. தந்திகூட அவ்வளவு வேகம் போகாது. என் கார் எம்மாத்திரம்? நாங்கள் அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள் சேதி கணக்கப்பிள்ளை வீட்டுக் குசினி அடுப்படியை அடைந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆரத்தித் தண்ணீரைக் கொட்டியாகிவிட்டது. கணக்கப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்தபடி வாசலில் நின்றார். அவருக்கு முதலில் தரிசனம் தந்தது என் காரின் பின்புறம்.

"போறவுக எதுக்கு இங்குட்டு வர்றீக?" என்றார்.

இறங்கி, அவர் முன் நின்று விளக்கினேன். டாங்கி, சரிவு, இன்ஜின், முறை. சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. பாதியில் திரும்பியவன் என்பதாவது பரவாயில்லை. வேண்டுமென்றே பின்னாலேயே வந்தவன் என்பது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

"மொகத்தக் காட்டி வராத சம்பந்தம் எங்களுக்கு வேணாங்க" என்றார்.

மாமாதான் காப்பாற்றினார். "கணக்கப்புள்ள, மொகந்தானே வேணும்? திருப்பிட்டாப் போச்சு!"

ஆனால் மலையை வெட்டி எடுத்த அந்த முற்றத்தில் ஆட்டைத் திருப்பலாம், காரைத் திருப்ப முடியாது. வேடிக்கை பார்க்க வந்த தொழிலாளர் லயத்து ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பக்கமும் பிடித்தார்கள். அம்மா இறங்க மறுத்துவிட்டார். திருப்புவதற்கு முன் கால் வைத்தால் அபசகுனமாம்.

"ஆத்தாவ ஆட்டாம தூக்குங்கடா! ஏலேலோ!"

சாமி புறப்பாடு மாதிரி, பழத்தட்டுடன் அம்மா அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வீட்டைப் பார்த்து இறங்கினார். கணக்கப்பிள்ளையின் மீசை துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. "அடியே, ஆரத்தியக் கரைங்கடி மறுபடி!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். வழக்கப்படி அவள் தலை நிமிரவில்லை. நானோ ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கிய வேகத்தில் ஏதோ ஒழுகுகிற மாதிரி இருந்தது.

திரும்பும்போது கார் வீட்டைப் பார்த்து நின்றதால், இறக்கத்திலும் ரிவர்ஸ்தான். இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை நம்பி உருட்டினேன். பெண் அப்போதுதான் நிமிர்ந்து ஜன்னலருகே வந்தாளாம். நான் பள்ளத்தைப் பார்த்து ஓட்டவேண்டுமே, தலையைப் பின்பக்கம் திருப்பியிருந்தேன். முதல் வளைவு வரைக்கும் அவள் பார்த்தது என் பிடரியை மட்டும்தான்.

மறுநாளே சம்மதம் என்று சேதி வந்தது. கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, நான் பென்ஷனும் வாங்கியாகிவிட்டது. இன்றும் ஏதாவது பழுதான சாமானைத் தரையில் பரப்பிக் குனிந்து உட்கார்ந்துவிட்டால், சாப்பிடக் கூப்பிடும் குரல் எனக்குக் கேட்காது. பேரப்பிள்ளைகள் முறையிடுவார்கள். என் மனைவி குசினியிலிருந்தே சொல்வாள்:

"விடுங்க புள்ளைங்களா. நான் சம்மதம் சொன்னது அந்தப் பிடரிக்குத்தான். மொகம் பொறவு வந்தது."