நாலு சக்கரமும் ஒரு அம்பாளும்

போனில் வந்த முதல் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"எத்தினி சக்கரங்க?"

"நாலுதான்," என்றார் வீரபாகு. "ஸ்டெப்னியைச் சேர்த்தா அஞ்சு."

மறுமுனையில் இருந்த பிரேம்நாத் சற்று யோசித்தார். "சின்னதுதான் போல. எத்தினி வருஷமா ஓடாம நிக்குது?"

"பதினோரு வருஷமா."

"அடடா! ஏங்க, ஊருக்குள்ள சண்டையா?"

"வீட்டுக்குள்ளதான்."

"நிலையிலயே நிக்குதா?"

வீரபாகு தன் வீட்டு வாசல் நிலையைத் திரும்பிப் பார்த்தார். "நிலைக்கு வெளியில. போர்டிகோவுல."

"அச்சு எப்படி இருக்குது?"

"அச்சு மட்டும் கல்லு மாதிரி இருக்குது." வீரபாகுவுக்கு நம்பிக்கை பிறந்தது. இதுவரை எந்த மெக்கானிக்கும் எடுத்த எடுப்பில் அச்சைப் பற்றி விசாரித்ததில்லை.

"வேலை முடிஞ்சதும் ஏறி உக்காரப் போறது யாருங்க?"

"புவனேஸ்வரிதான். வேற யாரு?"

"அம்பாளா!" பிரேம்நாத்தின் குரல் தழுதழுத்தது. "நாளைக்கே ஆளுங்களோட வந்துடறேங்க."

வாடிக்கையாளரின் மனைவியைக்கூட அம்பாள் என்று சொல்லும் பண்பு எத்தனை பட்டறைக்காரர்களிடம் இருக்கும் என்று வியந்தபடி வீரபாகு போனை வைத்தார்.

செவிலிமேட்டில் அந்தத் தெருவுக்கே அடையாளம் வீரபாகுவின் அம்பாசிடர்தான். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்த காலத்தில், தானே சரிசெய்து ஓட்டப் போவதாகச் சொல்லி அதை வாங்கி வந்தார். கழற்றுவது அவருக்குக் கைவந்த கலையாக இருந்தது. பூட்டுவதுதான் வரவில்லை. பின்சீட்டு கூடத்தில் சோபாவானது. பானெட், தண்ணீர்த் தொட்டிக்கு மூடியானது. டிக்கிக் கதவில் வடாம் காய்ந்தது. போன ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த ஸ்டியரிங் இன்னும் பூஜை அறையைவிட்டு வெளியே வரவில்லை. மிச்சம் போர்டிகோவில் நின்றது.

அந்த போர்டிகோதான் இப்போது பிரச்சினை. புவனேஸ்வரி பட்டு ரவிக்கைகளில் ஆரி வேலை செய்வதில் பெயர் எடுத்தவள். கற்றுக்கொள்ளப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு ஆரம்பம். ஆரிச் சட்டங்கள் படுக்கையறையில் சாத்தியிருந்தன. வீட்டில் வேறு இடம் கிடையாது.

"காயலாங்கடைக்குப் போடச் சொல்லலை. உங்க மனசு எனக்குத் தெரியும்," என்று அவள் சொல்லியிருந்தாள். "யாராவது தொழில் தெரிஞ்சவங்ககிட்ட ஒப்படைச்சுடுங்க. நானே ஆளைப் பார்த்துட்டேன். வாலாஜாபாத் பக்கம். நாலு தலைமுறையா கார் வேலை பண்றாங்களாம்."

நாலு தலைமுறைக்கு முன்னால் அந்தப் பக்கம் எத்தனை கார் ஓடியிருக்கும் என்று வீரபாகு யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை தெருமுனையில் லாரி வந்து நின்றது. இறங்கிய ஆட்கள் முதலில் வாசலில் கொண்டுவந்து வைத்தது கை பருமனுக்கு ஒரு வடம். அடுத்தது பெரிய பெரிய மரக்கட்டைகள். நெற்றி நிறைய விபூதியுடன் பிரேம்நாத் இறங்கி வந்து, அம்பாசிடரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தேர் எங்கங்க?"

"எந்தத் தேர்?"

"கார்னு சொன்னாங்களே. எங்க தொழில்ல கார்னா தேருங்க. டெண்டர் நோட்டீஸ்லயே டெம்பிள் கார்னுதான் போடுவாங்க."

நேற்றைய உரையாடல் முழுவதும் வீரபாகுவின் மனதில் ஒருமுறை திரும்ப ஓடியது. அவர் மெல்ல மனைவியைப் பார்த்தார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" புவனேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கார்னா காருன்னு நினைச்சுக்கினேன். சரி, அவ்வளவு தூரம் வந்திருக்காரு. ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போகட்டும்."

பிரேம்நாத் உள்ளே போய்க் காபி குடித்தார். வெளியே வந்தபோது வேறு மனிதராக இருந்தார்.

"எடுத்துக்கறோம் சார்."

"உங்களுக்கு எஞ்சின் வேலை தெரியுமா?"

"தேருக்கு எதுக்கு சார் எஞ்சின்?"

"இது தேர் இல்லையே!"

"பண்ணிடலாம்." பிரேம்நாத் கதவில்லாத ஓட்டையை முழக்கோலால் அளந்தார். "இலுப்பை மரத்துல கதவு போட்டுடலாம். ரெண்டு பக்கமும் யாளி வெச்சா எடுப்பா இருக்கும்."

"யாளியெல்லாம் வேணாங்க."

"அப்ப குதிரை?"

இதற்குள் வடம் கிடப்பதை எதிர்வீட்டு குப்புசாமி பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் தெருவே பார்த்த மாதிரி. தேங்காயும் கையுமாக ஓடி வந்தார்.

"இன்னாபா வீரபாகு, அம்மனுக்குத் தேர் குடுக்கறியாமே! எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலை பார்த்தியா."

"தேர் இல்ல குப்புசாமி, கார்."

"அதைத்தானேபா நானும் சொல்றேன். கார் ஃபெஸ்டிவல்."

வீரபாகு விளக்க விளக்கக் கூட்டம் கூடியது. யாரோ மாவிலை கட்டினார்கள். ஹெட்லைட் இருக்க வேண்டிய பள்ளத்துக்கு ஒரு அம்மாள் சந்தனம் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்த மானக்கேட்டுக்கு, வண்டி சீக்கிரம் தெருவைத் தாண்டுவதே மேல் என்று வீரபாகுவுக்குத் தோன்றியது.

"எடுங்கப்பா, எடுத்துக்கினு போங்க!" என்று அவரே கத்தினார்.

அதைத்தான் கூட்டம் எதிர்பார்த்திருந்தது. வடத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். குப்புசாமி குரல் கொடுத்தார். பதினோரு வருஷமாக அசையாத அம்பாசிடர் ஒரு முனகலோடு போர்டிகோவைவிட்டு வெளியே வந்தது.

வீரபாகுவின் கண் கலங்கியது. மறுகணமே அகல விரிந்தது. தெரு பாலாற்றுப் பக்கம் சரிவானது. வண்டி, இழுப்பவர்களை முந்தப் பார்த்தது.

"பிரேக்கு! யாராவது பிரேக்கைப் பிடிங்க!"

"அதைத்தான் நீயே கழட்டிட்டியேபா," என்றார் குப்புசாமி ஓடிக்கொண்டே.

பிரேம்நாத்தின் ஆட்கள் பதறவில்லை. இருவர் முட்டுக்கட்டைகளோடு சக்கரத்தை ஒட்டி நடந்தார்கள். வலப்பக்கம் ஒரு கட்டை, பிறகு இடப்பக்கம் ஒரு கட்டை. ஸ்டியரிங் இல்லாத வண்டி, தெருமுனையில் நின்ற டவுன் பஸ்ஸுக்கு வழிவிட்டு, மாட வீதித் தேர் போல வளைந்து, லாரிக்கு நேராக நின்றது. கூட்டம் கை தட்டியது. இத்தனை வருஷம் தனக்குத் தோன்றாத ஒரு வித்தையைப் பார்த்த ஆச்சரியத்தில் வீரபாகுவும் தட்டினார்.

ஜாக்கி வைத்து வண்டியை லாரியில் ஏற்றினார்கள். வீட்டில் இருந்த சீட்டையும் பானெட்டையும் ஸ்டியரிங்கையும் புவனேஸ்வரி தானே தூக்கி வந்து கொடுத்தாள். பிறகு விளக்குமாறும் வாளியுமாக போர்டிகோவுக்குப் போய்விட்டாள்.

"எனக்கு ஓடற வண்டியா வேணும். தெரியுதா?" என்றார் வீரபாகு. "ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட வெச்சுக்கங்க. எப்ப குடுப்பீங்க?"

"நல்ல காரியம் சார். அவசரப்படக் கூடாது," என்று சொல்லிவிட்டு பிரேம்நாத் லாரியின் முன்பக்கம் ஏறிக்கொண்டார்.

டிரைவர் சிட்டிபாபு பின்னால் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது வீரபாகுவுக்கு.

"பாவம்பா எங்க வீட்டம்மா. வெள்ளந்தி. கார்னு சொன்னதும் நம்பிட்டா. ஏதோ தெரியாம நடந்துபோச்சு."

சிட்டிபாபு முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியாமலா? போன வாரம் அம்மா பட்டறைக்கே வந்தாங்களே சார். 'மெக்கானிக்குங்க எல்லாம் மூணு மாசத்துல திருப்பிக் குடுத்துடறேன்றாங்கபா, நீங்கதான் ஒரு வேலையை எடுத்தா பத்து வருஷம் இழுப்பீங்களாமே, நிஜமா?'ன்னு கேட்டுக்கினு!"